வைது வளர்த்த காடு

2009ஆம் ஆண்டு அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிவாக்கில், இபுலி கிராமத்தைச் சேர்ந்த கெசியா மதேஜே லுபாலா மேட்டில் ஒரு மினிங்கா மரத்தின் அடிக்கட்டை முன்னால் நின்று கால் மணி நேரம் வைதாள். நண்பகலுக்குள் அந்தக் கட்டை முழங்கை நீளத்துக்குத் துளிர்விட்டிருந்தது. அன்று சந்தையில் மக்காச்சோளம் டின் ஒன்பதாயிரம் ஷில்லிங்குக்கு விற்றது. மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. மரம் வெட்டப்பட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. ஆடு மேய்ப்பவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் தலை வழுவழுப்பாகி, நடுவில் கரையான் அரித்து ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டையும் விழுந்திருந்தது. துளிர்கள் அந்த ஓட்டையைச் சுற்றித்தான் வந்தன. மொத்தம் பதினொன்று.

அவள் கட்டையை வையவில்லை. கட்டை எதிரே இருந்தது, அவ்வளவுதான்.

லுபாலா மேடு மொட்டையானதற்குக் காரணம் ஒரு தாள். அதில் மாவட்ட அலுவலகத்தின் முத்திரைகள் மூன்றும், கிராமத் தலைவர் எலியேசா சிமோலாவின் முத்திரை ஒன்றும் இருந்தன. தாள் வந்த மறுவாரம் லாரிகள் வந்தன. வெட்டினால் வேங்கையைப் போலச் செந்நீர் வடிக்கும் மினிங்கா மரங்கள் பலகையாகப் போயின. மற்றதெல்லாம் மேட்டிலேயே மண் மூடிய சூளைகளில் வெந்து கரி மூட்டைகளாகப் போயின. இரண்டு வருடம் இரவும் பகலும் மேடு புகைந்தது. அந்தக் கரியில் தார் எஸ் சலாம் பெருநகரத்தில் எத்தனையோ ஆயிரம் கோழிகள் வறுபட்டன. இபுலிக்குக் கிடைத்தது கூரை போடாத ஒரு வகுப்பறை. லாரிகள் போன மூன்றாவது கோடையில், மேட்டின் வயிற்றிலிருந்து வந்துகொண்டிருந்த ஓடை ஒரு செவ்வாய்க்கிழமை நின்றது. புதன்கிழமை குடத்தோடு போனவர்கள் ஈரக் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதன்பிறகு கோடையில் தண்ணீர் வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம் நடந்து, வறண்ட பெரிய ஆற்றின் மணலைத் தோண்ட வேண்டும். ஒவ்வொரு மாதமும் குழி ஒரு முழம் ஆழமானது.

2008 செப்டம்பரில் அந்தக் குழியின் ஆழம் இரண்டு ஆள் உயரம். கெசியாவின் மகள் லோயிசி, பதினான்கு வயது, உள்ளே இறங்கிச் சுரைக்குடுவையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது மணல் மூடிக்கொண்டது. அவளை வெளியே எடுக்க மாலையாயிற்று. அப்போதும் குடுவை அவள் கையில் நிமிர்ந்தே இருந்தது, அதில் முக்கால் பாகம் தண்ணீரும் இருந்தது. அந்தத் தண்ணீரைக் கீழே கொட்ட யாருக்கும் மனம் வரவில்லை. வறட்சி அப்படி.

மறுவருடம் ஒரு திட்டம் வந்தது. நான்காயிரம் கன்றுகள் கறுப்பு நெகிழிப் பைகளில் வந்தன. எல்லாம் வெளிநாட்டு மரம், சீக்கிரம் வளரும் என்றார்கள். கன்றுகளுக்கு முன்னால் ஒரு பெயர்ப் பலகை வந்தது. மரத்தை நேசிக்க வேண்டும், மரத்தோடு அன்பாகப் பேச வேண்டும் என்று மூன்று நாள் பயிற்சி கொடுத்து, இறுதியில் பாட ஒரு பாட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். நடுவிழாவுக்கு வந்த அதிகாரி, கிராம மக்களின் அறியாமையால்தான் இந்த மேடு அழிந்தது என்று ஒலிபெருக்கியில் பேசினார். அவர் பக்கத்தில் எலியேசா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் கெசியா எழுந்து போனாள். வயிற்று வலி போலும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவள் மேட்டில் ஏறி, நடக்க முடியாத இடம் வந்ததும் நின்று, எதிரே இருந்ததைப் பார்த்து ஆரம்பித்தாள். முத்திரை குத்தியவனின் பெயரைச் சொன்னாள். அவனுக்குத் தாளைக் கொண்டுவந்தவனின் பெயரைச் சொன்னாள். லாரிக்காரனின் ஊர், பேர், அவன் சட்டையின் நிறம் எல்லாம் சொன்னாள். "அறியாமையாம்ல, அறியாமை! என் மக செத்தது அறியாமையாலயா? உன் பேனாவாலடா!" என்றாள். மண்ணை வாரித் தூற்றினாள். தொண்டை வறண்டு நின்றபோது கட்டையின் ஓரத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. யாரோ துப்பிய வெற்றிலை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு இபுலியில் வெற்றிலை போடுகிறவர் யாரும் இல்லை என்பது நினைவு வந்தது.

அந்த நான்காயிரம் கன்றுகளில் டிசம்பர்வரை தாக்குப்பிடித்தது பெயர்ப் பலகை மட்டுமே.

ஊர் எதையும் உடனே நம்பிவிடாது. முதல் வாரம் நாலு பெண்கள் கெசியாவோடு போய்ப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி தன் புருஷனை வைதாள். ஒரு புதர் வந்தது, முள்ளோடு. இன்னொருத்தி பள்ளிக்கூடத்துக்கு வந்து சேராத கூரைத் தகரங்களைப் பற்றி வைதாள். இடுப்புயரத்துக்கு ஒரு மியோம்போ மரம் வந்தது. மூன்றாமவள் ஊரை மெச்சவைக்க ஓரகத்தியைப் பற்றி ஒரு பொய்யைச் சேர்த்துச் சொன்னாள், கட்டை அசையவில்லை. இப்படித்தான் விதிகள் தெரியவந்தன. கோபம் சொந்தமாக இருக்க வேண்டும். இரவல் கோபத்துக்குத் துளிர் வராது. பெயரைச் சொல்ல வேண்டும். "அவங்க", "மேல இருக்கிறவங்க" என்று பொதுவாகப் போட்டால் புல்தான் வரும். உண்மையைத்தான் சொல்ல வேண்டும். குரல் உயர வேண்டியதில்லை. ஊமையான ஒரு தச்சர் கட்டையின் முன் ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டு நின்று, அந்தச் சரிவிலேயே மிக நேரான மரத்தை எழுப்பினார்.

அடுத்த வருடம் பன்னிரண்டு பேர் கொண்ட வனக்குழு அமைந்தது. கெசியா அதற்குச் செயலாளர். குலத்துக்கு ஒரு சரிவு பிரித்துக் கொடுத்தார்கள். புதன்கிழமை வைகிற நாள். முளைத்த காட்டில் கோடாரி வைத்தால் ஒரு ஆடு அபராதம், நெருப்பு வைத்தால் ஒரு மாடு. தேன் பெட்டி தொங்கவிடலாம், காளான் பறிக்கலாம், காய்ந்த விறகை வாரத்துக்கு ஒரு கட்டு எடுக்கலாம். இதையெல்லாம் எழுதி ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி நிறைவேற்றினார்கள். எலியேசாவும் கை தூக்கினார், எல்லோரும் பார்க்கும்படி சற்று உயரமாகவே. மூன்று வருடத்தில் கீழ்ச்சரிவு மூடியது. நடுச்சரிவில் குரங்குகள் வந்தன. 2013 மார்ச்சில் ஓடை திரும்பி வந்தது. முதலில் செந்நிறமாக, ஒரு வாரம் கழித்துத் தெளிவாக. அந்த முதல் தெளிந்த தண்ணீரைக் கெசியா குடிக்கவில்லை. ஓடைக்கரையில் குந்தி உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க அதைப் பார்த்துவிட்டு, "அஞ்சு வருஷம் லேட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. தண்ணீர் வந்ததும் ஊருக்குக் கோபம் குறைந்தது. காய்கறி விளைந்தது, பிள்ளைகளின் சொறி ஆறியது, பெண்கள் வேறு பேச்சுப் பேசினார்கள். புதன்கிழமைகளில் ஆட்கள் மேட்டுக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, யாரை வைவது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டார்கள். மேல்சரிவு அப்படியே மொட்டையாகக் கிடந்தது, ஆயிரக்கணக்கான கட்டைகளோடு. மேல்சரிவு மூடினால்தான் ஓடைக்குக் கோடை தாங்கும். இது எல்லோருக்கும் தெரியும். கையிருப்பில் இருந்த கோபத்தைக் கொண்டு அதை மூட முடியாது என்பதும் தெரியும்.

அப்போது வனக்குழு ஒரு முடிவு எடுத்தது. இந்த மலைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. இங்கே ஒவ்வொரு குலத்துக்கும் இன்னொரு குலம் கேலிமுறை. மச்சான் முறைக் கேலியெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது. கேலிமுறைக்காரன் உன்னை என்ன சொல்லி வைதாலும் நீ கோபப்படக் கூடாது. சாவு வீட்டில் அவன்தான் தீட்டுக் கழிப்பான், பிணத்தைப் பழிப்பான், வெட்டிய குழிக்குள் படுத்துக்கொண்டு எனக்குக் கோழி கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்பான், அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பான். கெசியாவின் குலத்துக்குக் கேலிமுறை ஆற்றுக்கு அக்கரைக் குலம். அவர்களில் பெரிய வாய் செபெதாயோ. வைவதில் அவனை மிஞ்ச மூன்று பள்ளத்தாக்கில் ஆள் இல்லை. லோயிசியின் சாவுக்கு மட்டும் அவன் வந்து, வாயைத் திறக்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். அது முறை தவறியது. அதற்காக ஒரு கோழி அபராதம் கட்டினான்.

வனக்குழு அழைத்ததும், கட்டைகளை வைய செபெதாயோ இருபது பேரோடு வந்தான். பாதையின் திருப்பத்தில் கெசியாவைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டான்.

"ஏய் மொட்டை மேட்டுக்காரி! உங்க குலத்துல ஆம்பளைக்குத் தலையில முடி இல்ல, மலைக்குத் தலையில மரம் இல்ல. எதைத்தாண்டி நீங்க ஒழுங்கா வளர்த்தீங்க?"

"வாடா பிணந்தின்னி மச்சான். சாவு விழலைன்னா உனக்குச் சோறு எப்படிக் கிடைக்குதுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். இளைச்சிருக்கே."

"இளைச்சா? உன் சமையலைச் சாப்பிட்டவன் இளைக்க மாட்டான், நேரா மேல போயிடுவான். அதான் உங்க ஊர்ல இடுகாட்டுல மட்டும் கூட்டம்."

"பேசிக்கிட்டே நிக்காத. கட்டை அங்க இருக்கு. கொண்டு வந்த வாயைக் காட்டு."

அவர்கள் மூன்று நாள் வைதார்கள். இபுலியே மேட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டது. கட்டைகளின் அப்பனையும் பாட்டனையும் இழுத்தார்கள், வேர் இருக்கும் இடத்தைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாதவற்றைச் சொன்னார்கள். மேல்சரிவு முழுக்க மரம் வந்தது. ஒரு காலையில் ஆள் உயரம், மறு காலையில் கூரை உயரம். வனக்குழு ஒரு ஆட்டை அறுத்தது. நான்காம் நாள் காற்று வீசியபோது அந்த மரங்கள் சிரித்தன. இலை சலசலப்பு அல்ல, சிரிப்புத்தான், அடக்கப் பார்த்து முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. கெசியா ஒன்றைக் கையால் தள்ளினாள். பப்பாளித் தண்டைப் போல உள்ளே வெறும் கூடு. முதல் மழைக்கு எல்லாம் சரிந்து, சரியும்போதும் சிரித்து, கீழ்ச்சரிவில் மூன்று வருட மரங்கள் நூறைத் தங்களோடு இழுத்துக்கொண்டு போயின.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றான் செபெதாயோ. அவன் முகம் முதல்முறையாகச் சுருங்கியிருந்தது. "எனக்கு உங்க மேல கோபமே இல்லையே."

"அது எங்க தப்பு, உன் தப்பில்ல" என்றாள் கெசியா. "வசவு வேற, கோபம் வேறன்னு தெரியாமப் போச்சு."

இரண்டு வருடம் கழித்து, கரிமம் வாங்கி விற்கும் ஒரு நிறுவனம் வந்தது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் லுபாலா மேடு பச்சையாவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்கள் அனுப்பிய கெல்வின் என்ற இளைஞன் மிகவும் நல்ல மாதிரி. எல்லோரையும் "அம்மா", "ஐயா" என்றான். பெரியவர்களின் பாதம் பணியும் வணக்கத்தைச் சொல்லாமல் யாரோடும் பேச்சை ஆரம்பிக்க மாட்டான். உகாலி என்கிற மக்காச்சோளக் களியைக் கையால் உருட்டி, கொழகொழவென்ற கீரையில் தோய்த்துச் சாப்பிட்டான். காடு மூச்சு விடுகிறது, அந்த மூச்சை வெளிநாட்டில் வாங்குகிறார்கள், முப்பது வருடத்துக்கு எழுதிக் கொடுத்தால் போதும் என்றான். காட்டைக் காவல் காக்க இனி ஊர்க்காரர்கள் சிரமப்பட வேண்டாம், மரங்களில் கேமரா வைத்துவிடுவார்கள். தேன் பெட்டிகளை இறக்கிவிட வேண்டும். உள்ளே யாரும் போகக் கூடாது, முக்கியமாகக் கூச்சல் கூடாது, பறவைகள் மிரளும். ஒப்பந்தம் நாற்பத்தொரு பக்கம், ஆங்கிலத்தில். எலியேசா அதை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி, படம் இருக்கிற பக்கங்களில் நின்று நிதானித்தார்.

ஒப்பந்தம் ஊர்க்கூட்டத்தில் நிறைவேற வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன்பே அன்பளிப்புகள் வந்தன. வீட்டுக்கு மாவு மூட்டை, வகுப்பறைக்குக் கூரை, எல்லோருக்கும் பச்சைச் சட்டை. குறை கேட்க ஒரு பெட்டி வைத்தார்கள். குறை எழுதிப் போட்டவர் வீட்டுக்கு மறுநாளே கெல்வின் வந்து மன்னிப்புக் கேட்டான். அவ்வளவு நன்றாக மன்னிப்புக் கேட்டவர்களை இபுலி அதுவரை பார்த்ததில்லை. புருஷனை வைய வந்தவளுக்குக் கூட்டுப் பிரார்த்தனை ஏற்பாடாயிற்று. மூன்று மாதத்தில் ஊரில் கோபம் என்பது உப்புக்குக்கூட இல்லாமல் போனது. புதன்கிழமைகளில் கெசியா தனியாக மேட்டுக்குப் போனாள். கோபம் கிடைக்காமல் நடுச்சரிவின் இலைகள் கழுவிக் கழுவிச் சாயம் போன துணியின் நிறத்துக்கு வந்திருந்தன. ஓடை பனைமரப் பருமனிலிருந்து கைப் பருமனுக்கும், அங்கிருந்து சுண்டுவிரல் பருமனுக்கும் வந்தது. அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள்: "மறுபடியும் மணலைத் தோண்டப் போறீங்களா? இந்தத் தடவை யார் பிள்ளையை இறக்கப் போறீங்க?" மாவு பிசைந்த கையோடு எட்டிப் பார்த்தவர்கள், "ஏன்க்கா இன்னும் அதையே பேசிக்கிட்டு" என்றார்கள். அதைச் சொன்னவர்களில் இருவர் லோயிசியைத் தோண்டி எடுத்தவர்கள்.

கெல்வின் அவளுக்கென்று தனியாக ஒன்றை வைத்திருந்தான். ஊர் நடுவே ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டு, குழாயும் தொட்டியும் கட்டி, அதற்கு லோயிசியின் பெயரையே வைத்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவளைக் கூட்டிப் போய்க் காட்டினான். வெண்கலத் தகட்டில் மகளின் பெயரைப் கெசியா பார்த்தாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் குளிர்ச்சியாக வந்தது. எட்டு வருடமாக அவளுக்குள் கனன்றுகொண்டிருந்தது அந்த நிமிடம் ஏறக்குறைய அணைந்தது என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் நடுச்சரிவில் முதல் மினிங்கா, அந்தப் பதினொரு துளிர்களில் மிஞ்சி மரமானது, தன் இலை முழுவதையும் ஒரே மூச்சில் உதிர்த்தது.

பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அவள் படிப்பு நாலாம் வகுப்பு. விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். "பருவநிலை மாற்றத்தால் உயிரிழந்தவர்."

"இது யாரு?" என்றாள்.

"எது யாரும்மா?"

"இந்தப் பருவநிலை. இவன் எந்த ஊர்க்காரன்? எந்த லாரியில வந்தான்? முத்திரை எங்க குத்தினான்?"

கெல்வின் பதில் சொல்ல ஆரம்பித்தான். காற்று, வெப்பம், உலகம், எல்லோருக்கும் பொறுப்பு. அவன் குரலில் பொய் இல்லை. அவன் நம்பித்தான் சொன்னான்.

"தம்பி, எல்லாரும் பண்ணினதுன்னா யாரும் பண்ணலைன்னு அர்த்தம். போய்ச் சாப்பிடு. நாளைக்குப் பார்க்கலாம்."

ஒப்பந்தம் கையெழுத்தாகும் கூட்டத்தை மேல்சரிவில் வைக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விருப்பம். கீழே காடு, பின்னால் வானம், படம் நன்றாக வரும். பழைய லாரித் தடத்தில் அவர்களுடைய வெள்ளை லேண்ட் குரூசர் மேலே வந்து, கட்டைகளுக்கு நடுவே சமமாக இருந்த ஒரு இடத்தில் நின்றது. ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு தூங்கினார். ஊரில் வயது வந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் பச்சைச் சட்டையில் தரையிலும் கட்டைகளின் மேலும் உட்கார்ந்தார்கள். எலியேசா முத்திரையையும் மைப் பெட்டியையும் மேசையில் வைத்தார். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர் பேசினார். ஆட்சேபணை உண்டா என்று சட்டப்படி கேட்டார். கெசியா எழுந்தாள்.

அவள் கத்தவில்லை. "என் மக எப்படிச் செத்தான்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனா கிணத்துல வேற எழுதியிருக்கு. அதனால இன்னொரு தடவை சொல்லிடுறேன்" என்று ஆரம்பித்து, தாளின் தேதியைச் சொன்னாள். முத்திரைகளின் எண்ணிக்கையைச் சொன்னாள். நாலாவது முத்திரை இதோ இந்த மேசையில் இருக்கிற இதே முத்திரை என்றாள்.

எலியேசா பதினைந்து வருடமாக இதற்கு ஒரு பதிலை வைத்திருந்தார். இப்போது எடுத்தார். "சொல்லு, எல்லாத்தையும் சொல்லு. மரம் வெட்ட வந்தவங்களுக்கு ரெண்டு வருஷம் சோறு ஆக்கிப் போட்டது யாரு? அதோ, அந்தத் தடத்தோரமா கொட்டாய் போட்டு அவிச்ச பீன்ஸும் உகாலியும் வித்தது யாரு? அந்தக் காசுலதானே உன் மகளுக்குப் பள்ளிக்கூடத்துப் பாவாடை வாங்கினே? பெருசா பேச வந்துட்டா!"

மாவட்டத்து ஆள் மெல்லச் சிரித்தார். தன்னைப் பற்றிய இந்த ஒரு செய்தியைக் கெசியா ஏழு வருடத்தில் எந்தக் கட்டையின் முன்னாலும் சொன்னதில்லை.

"ஆமா. நான்தான்" என்றாள். "கெசியா மதேஜே. வித்தேன். நல்லா வித்தேன். உப்பு சரியா இருக்கான்னு வெட்டுறவனையே கேட்டேன். கோடாரிச் சத்தம் நின்னா, ஐயோ வேலை முடிஞ்சிருச்சே, நாளைக்கு வியாபாரம் இல்லையேன்னு கவலைப்பட்டேன். நீல நிறப் பாவாடை. அவ வளர வளர மடிப்பைப் பிரிச்சு விட்டேன். அதைக் கட்டிக்கிட்டுத்தான் அவ குழியில இறங்கினா. நான் என் பேரைச் சொல்லிட்டேன். இப்ப நீ உன் பேரைச் சொல்லு தலைவரே. முத்திரை சொல்லாது. வாயால சொல்லு."

எலியேசா சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். "யோனா செங்கோ. நான் சூளைக்கு மண் போட்டேன். கூலிய மொரோகோரோ ரோட்டுக் கரி வியாபாரி பாதி தின்னுட்டான், அவன் பேரு..." என்று அந்தப் பெயரைச் சொன்னார். ஒரு பெண் எழுந்து, வகுப்பறைத் தகரம் முதல் தடவை எங்கே இறங்கியது, யார் வீட்டுக் கோழிக் கூண்டுக்கு மேல் இன்றைக்கும் இருக்கிறது என்பதைச் சொன்னாள். அந்தக் கோழிக் கூண்டின் சொந்தக்காரன் எழுந்து, ஆமா, ஆனா எனக்குக் கொடுத்தவன் இவன் என்றான். இவன் என்று கை காட்டப்பட்டவன் மாவட்டத்து ஆளைக் காட்டினான். மாவு மூட்டை வாங்கியவர்கள் தாங்கள் மாவுக்காக வாயை மூடிக்கொண்ட நாளைச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரில் ஆரம்பித்து இன்னொருவன் பெயரில் முடித்தார். பதினைந்து வருடக் கோபம் மாவுக்கும் மன்னிப்புக்கும் அடியில் கெடாமல் அப்படியே இருந்திருக்கிறது. மூன்று மணி இருபது நிமிடத்துக்கு முதல் கட்டை வெடித்தது. உட்கார்ந்திருந்தவர் பச்சைச் சட்டையோடு ஒரு முழம் மேலே போய்க் குதித்து இறங்கினார். பிறகு வரிசை வரிசையாக. தறிபட்ட வேரிலிருந்து துளிர், துளிரிலிருந்து கிளை, கிளைக்குள்ளே வைரம். இவை சிரிக்கவில்லை. மேசை சாய்ந்தது, மை கொட்டியது, நாற்பத்தொரு பக்கங்களும் தனித்தனியாகப் பறந்தன. லேண்ட் குரூசரின் அடியில் இருந்த நான்கு கட்டைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. வண்டி இடுப்பளவு உயர்ந்தபோது ஓட்டுநர் விழித்துக் கதவைத் திறந்து, கூரையளவு உயர்வதற்குள் குதித்துவிட்டார். கணுக்கால் சுளுக்கியதைத் தவிர யாருக்கும் சேதமில்லை.

சட்டப்படி வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்று கெசியா நினைவூட்டினாள். மரங்களுக்கு இடையில் நின்றபடியே நடந்தது. ஒப்பந்தத்துக்கு ஆதரவாக ஒன்பது கை, எதிராக மீதி. கெல்வின் எந்தப் பக்கமும் சேராமல் ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். "கோபம் வந்தா வா தம்பி, புதன்கிழமை" என்றாள் அவள். அவன் வரவில்லை; அவனுக்கு வேறு மாவட்டத்தில் வேலை கொடுத்துவிட்டார்கள்.

மாவட்ட அலுவலகம் விசாரணை நடத்தி அறிக்கை எழுதியது. மேல்சரிவில் இயற்கையான மீள்வளர்ச்சி, காரணம் பொதுமக்களிடையே ஏற்பட்ட விழிப்புணர்வு. பெயர்கள் எதுவும் அதில் இல்லை. அறிக்கையைக் கெசியா மேட்டுக்கு எடுத்துப் போய் உரக்கப் படித்தாள். அதற்கே ஏழு மரம் வந்தது. கிணற்றின் தகட்டிலிருந்து இரண்டாவது வரியை ஊமைத் தச்சர் உளியால் செதுக்கி எடுத்தார். அடுத்த தேர்தலில் எலியேசா தோற்றார். சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அவர் வரிசையின் கடைசியில் வந்து நின்றார். அப்போதிலிருந்து வருகிறார்; கட்டைக்கு மிக அருகில் குனிந்து, யார் காதிலும் விழாமல் பேசுவார். யாரை வைகிறார் என்று யாரும் கேட்பதில்லை. மரம் வளர்கிறது, ஆகவே உண்மையைத்தான் சொல்கிறார். கெசியா அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. முறை வந்தால் வரிசையில் இடம் மட்டும் விடுவாள். ஓடை கோடையிலும் ஓடுகிறது.

வெள்ளை லேண்ட் குரூசர் நான்கு மினிங்கா மரங்களின் கவட்டில், தரையிலிருந்து முப்பதடி உயரத்தில், சற்று மேற்கே சாய்ந்து நிற்கிறது. அதைத் திருப்பித் தருமாறு நிறுவனம் ஆண்டுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறது. பாதுகாக்கப்பட்ட காட்டில் மரம் வெட்ட ஊர்க்கூட்டத்தின் அனுமதி வேண்டும் என்று வனக்குழு ஆண்டுக்கு ஒரு பதில் அனுப்புகிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் அது கூட்டத்தில் ஆறாவது விஷயமாக வரும். மரங்களை வெட்டி வண்டியை இறக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்று கெசியா கேட்பாள், கொஞ்ச நேரம் காத்திருப்பாள், எழுதிக்கொள்வாள், ஏழாவது விஷயத்துக்குப் போவாள். பின் இருக்கையில் தேனீக்கள் அடை கட்டியிருக்கின்றன. ஜூன் மாதம் அறுப்பு. தேன் கறுப்பாக, தொண்டையில் கொஞ்சம் காரமாக இருக்கும். சந்தையில் மற்றத் தேனைவிட லிட்டருக்கு ஐந்நூறு ஷில்லிங் கூடுதல்.